மேலுதட்டில் ஒரு தூசி

"சனியனே, தொலைய மாட்டியா" என்று சென்னியப்பன் திட்டியது தூசியைத்தான். சமையலறையில் இருந்த கருணாம்பாள் தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டு கரண்டியை நங்கென்று வைத்தாள். வைக்கட்டும். பெண்டாட்டிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. சாயங்காலம் பொழுதோடு கோபியிலிருந்து பெண் பார்க்க வந்துவிடுவார்கள், அதற்குள் இந்தக் கேமராவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும், கடுகில் கால்வாசி கூட இல்லாத ஒரு தூசியை எடுத்தாக வேண்டும். லென்ஸைக் கழற்றியாயிற்று. உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால், படம் விழுகிற சென்சார், ஒரு தபால் தலை அகலத்துக்குப் பச்சையும் ஊதாவுமாக மினுங்கிக்கொண்டு, பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல, ஆனால் தூசி மட்டும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் வயிற்றெரிச்சல். படத்தில் இருக்கிறது, இங்கே இல்லை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சித்திரை வெயிலில் அவிநாசி ஊரே அடுப்பில் வைத்த மாதிரி கொதிக்கையில் சட்டையைக் கழற்றி, பிறகு பனியனையும் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சுற்றுவட்டாரம் பூராவும் பனியன் தைக்கிற ஊர், இங்கே காற்றென்றால் பாதி பஞ்சு. பக்கத்துத் தெருவில் கட்டிங் வேஸ்ட் துணி அடுக்கிய குடோன் வேறு. மூக்கைத் துடைத்தால் பஞ்சு, சாமி படத்தைத் துடைத்தால் பஞ்சு, ஒரு தடவை சாம்பாரில் கூடப் பஞ்சு. இந்த ஊரில் போய்க் கேமரா வாங்கினானே ஒருத்தன், அவனை என்ன சொல்வது. வியர்வை நெற்றியில் திரண்டு மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, இந்தச் சொட்டு மட்டும் உள்ளே விழுந்தால் அத்தோடு கதை முடிந்தது. அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டிலிருந்தும் பஞ்சு பறந்தது.

தூசிக்கு இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று கேட்டால், தூசிக்கு இல்லை, போனுக்கு. போன் கட்டிலில் சார்ஜில் கிடக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், செய்ய வேண்டிய சோலி அங்கே இருக்கிறது, செய்கிற சோலி இங்கே நடக்கிறது. நேற்று மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரம், கோபியிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன், நாச்சிமுத்துவாம் பேர், குரல் வெண்ணெய் மாதிரி. "அண்ணா, போட்டோ பாத்தமுங்க. அம்மிணிக்கு மேலுதட்டுக்கு மேல, எடப்பக்கம், ஒரு மச்சமிருக்குதுங்களே, அது பொறந்ததுல இருந்தேங்களா?" மச்சமா. மகளின் முகத்தைக் கண் முன்னால் கொண்டுவரப் பார்த்தார். வந்தது. நெற்றி வந்தது, மூக்கு வந்தது, உதடு வந்தது, மச்சம் மட்டும் இருக்கிறதா இல்லையா என்று பிடிபடவில்லை. இருக்கிற மாதிரியும் இருந்தது. போனில் ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான். தெரியலீங்க என்று சொல்லியிருக்கலாம், இருங்க கேட்டுச் சொல்றேன் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் பெற்ற அப்பனுக்கு மகள் முகத்தில் மச்சம் இருக்கிறதா என்று தெரியாதா, கேட்டால் காறித் துப்பமாட்டானா? அந்த வெட்கத்தில் வாய் முந்திக்கொண்டது. "ஆமாங்க, பொறந்ததுல இருந்தேங்க." ஐயோ, அதோடு விட்டாரா? "எங்கம்மாவுக்கும் அதே எடத்துலதானுங்க" என்று ஒரு ஒட்டு வேறு. அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். "அப்படிச் சொல்லுங்க! எங்கூட்டுல நான்தானுங்க மச்சம் பாக்கறது. ஜாதகம் பொய் சொன்னாலுஞ் சொல்லும், மச்சம் சொல்லாதுங்க. அந்த எடத்துல இருந்தா போற ஊடு வெளங்கும். பையனுக்கு வேற எடமே பாக்க வேண்டாம்னு நாஞ் சொல்லிப்போட்டன். நாளைக்குப் பொழுதோட வர்றமுங்க, வெத்தல பாக்கோட." வெற்றிலை பாக்கோடு! பார்க்கவே இல்லை, பேசி முடித்தாயிற்று. அப்புறம்தான் சென்னியப்பன் எழுந்து போய் மகளை எட்டிப் பார்த்தார். கோகிலவாணி கூடத்தில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலுதடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு கெரகமும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மச்சம் இருந்தது. வேறு படத்தைப் பார்த்தார். அதில் வானத்தில் காக்காய் மாதிரி, அதே இடத்தில். இன்னொன்றில் கோபுரத்தின் மேல். அடக் கடவுளே, தூசி.

ரப்பர் ஊதியை எடுத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, மறுபடி ஊதினார். புஸ், புஸ். காலையிலிருந்து ஊதுகிறார். முதலில் வாயால்தான் ஊதினார், அவசரத்துக்குப் பிறந்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வாயால் ஊதி ஊதிப் பழக்கம், ஊதிய பிறகுதான் எச்சில் தெறித்திருக்குமே என்று உறைத்தது. சோதனைப் படம் எடுத்துப் பார்த்தால் ஒன்று இருந்த இடத்தில் ஒரு குடும்பமே இருந்தது. சரி, மருந்து போட்டுத் துடைக்கிற குச்சி இருக்கிறதே, ஆன்லைனில் வாங்கி வைத்தது, அதில் இரண்டு சொட்டு விட்டு ஒரே இழுப்பாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்க வேண்டும், அழுத்தினால் கீறல், அழுத்தாவிட்டால் போகாது, நடுவில் நிறுத்தினால் கறை. பாட்டரி பாதியில் படுத்தால் கண்ணாடி பட்டென்று விழுந்து குச்சியைக் கவ்விக்கொள்ளும். இத்தனை பயத்தோடு மேல் பக்கமாக நன்றாகப் பார்த்து இழுத்தார். போய்ச் சுவரைப் படம் பிடித்துப் பார்த்தால் எச்சிலெல்லாம் போயிற்று, பழைய புள்ளி மட்டும் இருந்த இடத்தில் அப்படியே. ஏன் போகவில்லை, ஏன், என்று குச்சியையே முறைத்துக்கொண்டிருந்தபோது மண்டையில் தட்டியது. உள்ளே படம் தலைகீழாக அல்லவா விழும்! படத்தில் மேலே தெரிந்தால் தூசி கீழே இருக்கிறது. இது தெரியாதா அவருக்கு? தெரியும். ரிட்டையரான வருஷமே வாங்கிய கேமரா, எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். தெரிந்தும் கை மேலேதான் போயிற்று, உதட்டுக்கு மேலே, உதட்டுக்கு மேலே என்று புத்தி அங்கேயே நின்றதால். தப்பெல்லாம் கீழே இருக்க, மேலே துடைத்துக்கொண்டிருக்கிறான் மடையன்.

கதவைத் தள்ளிக்கொண்டு கருணாம்பாள் வந்தாள். வந்தவள் நேராகப் போய் ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். "அய்யோ நிறுத்து, நிறுத்து!" என்று கேமராவை வயிற்றோடு கவிழ்த்துக்கொண்டு சென்னியப்பன் அலறினார். "என்னங்க, வெந்து சாகலாம்னு இருக்கீங்களா? மூஞ்சியப் பாருங்க, அவிச்ச கெழங்காட்ட." "பஞ்சு உள்ள போகும், நிறுத்துடி." அவள் நிறுத்தினாள், ஆனால் போகவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "நாஞ் சொன்னதுக்கு என்ன ரோசனை பண்ணுனீங்க? மைப் பென்சில் வாங்கியாந்துட்டன். சின்னதா ஒரு புள்ளி. அரமணி நேரம், பலகாரம் தின்னுபோட்டுப் போயிருவாங்க." "அப்புறம்?" "அப்புறமென்ன அப்புறம், நிச்சயத்தன்னைக்கு ஒருக்கா வெக்கறது, கல்யாணத்தன்னைக்கு ஒருக்கா வெக்கறது. தாலி ஏறிருச்சுன்னா மச்சமாவது மண்ணாவது." "கழுவுனா போயிருமேடி." "கழுவறப்ப அவிய மாமன் வந்து பக்கத்துல நிப்பானா? எத்தனை பேரு வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போனானுங்க, ஒருத்தனாவது வர்றதுக்கு முன்னாலயே சரின்னானா? எம்புள்ளைக்கு ஒரு நல்லது நடக்குதுன்னா நான் மூஞ்சி பூரா கூட மச்சம் வெப்பனுங்க." கடைசியில் அவள் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தை ஒரு துடைப்புத் துடைத்துக்கொண்டு, "வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கோணும், பொறந்ததுல இருந்தேன்னு யாரு உங்கள சொல்லச் சொன்னா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதைத்தான் அவரும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். யாருடா உன்னைச் சொல்லச் சொன்னது? போன் பண்ணி, அண்ணா, தப்பாச் சொல்லிட்டனுங்க, அது மச்சமில்லீங்க என்றால் ஒரு நிமிஷப் பேச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு வெற்றிலையும் இல்லை பாக்கும் இல்லை, ஒரு பொய் சொன்னவன் எத்தனை சொல்லியிருப்பான் என்று ஊரெல்லாம் பேச்சாகும், முப்பது தாண்டிய பெண், இனி எவன் வருவான். சொல்லாவிட்டால் பென்சில். வாணி முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்க, அவள் அம்மா புள்ளி வைக்க, இவர் போய்ச் சொந்தபந்தத்தை வாங்க வாங்க என்று கூப்பிடுவதா? இன்னொரு குச்சியைப் பிரித்தார். சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டார், அதிகமாகிவிட்டது, உதறினார். மொட்டை மாடியில் அந்தப் படத்தை எடுத்த அன்றைக்கு அவள்தான் வேண்டாம் என்றாள், போதும்பா, போன படத்தையே அனுப்புங்க என்று. இவர்தான், இல்ல கண்ணு, காலை வெயில் நல்லாருக்குது, கோபுரமும் பின்னால தெளிவா வரோணும் என்று லென்ஸின் துளையைச் சுருக்கி வைத்தார். துளை சிறுத்தால் தூசி பளிச்சென்று தெரியும், அதுவும் தெரியும் அவருக்கு. பெண்ணைப் படம் பிடிக்கப் போனவனுக்குக் கோபுரம் எதற்கு? எடுத்ததிலெல்லாம் உம்மென்று இருந்தாள், ஒரே ஒரு படத்தில், கீழே எவனோ கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்துச் சிரித்தாள், தலையைக் கொஞ்சம் நகர்த்தினாள், சரியாகத் தூசியின் கீழே போய் உதடு நின்றது. அதைத்தான் அனுப்பினார். அனுப்புகிறபோது அந்தப் புள்ளியைப் பார்க்கவில்லையா? பார்த்தார். பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார், அது அவள் முகத்தில் இருக்கிறதுதான் என்று நினைத்தார். பறவைப் படம் எடுக்க அவர் கேமராவோடு காத்துக்கிடக்கும் குளத்துக்கு வரும் மீன்கொத்திக்குக் கழுத்தில் வெள்ளை எங்கே முடிகிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நீர்க்காகத்துக்குக் கண் என்ன நிறம், சொல்வார். தினமும் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து தின்கிற பெண்ணின் உதட்டுக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டான் ஒருத்தன், முழித்தார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருப்பார் அல்லவா, மடியில் போட்டுக்கொண்டு? மின்வாரிய ஆபீஸ், பஸ், கூட்டம், வீட்டுக்கு வந்தால் அது தூங்கியிருக்கும். அப்புறம் வயசுக்கு வந்த பெண்ணை அப்பன் உற்றுப் பார்க்கக் கூடாது என்று ஒரு கூச்சம், பேசுகிறபோதே டிவியைப் பார்த்துப் பேசுகிற பழக்கம். பழக்கம்தான், வேறென்ன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கமாகக் குச்சியை வைத்து, ஒரே இழுப்பு, திருப்பி இன்னொரு இழுப்பு. நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது.

"என்னப்பா, ஆப்பரேசன் முடிஞ்சுதா?" வாசலில் கோகிலவாணி நின்றாள். தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு இருந்தாள். கையில் அந்தப் பென்சில். அப்படியானால் அம்மாக்காரி சொல்லிவிட்டாள். வாணி திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்து வரும் துணியில் குற்றம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். நாளெல்லாம் விளக்கின் கீழே பனியனை விரித்து வைத்து, புள்ளியோ ஓட்டையோ இருந்தால் அம்புக்குறி ஒட்டித் தள்ளிவிடுவாள். அந்தப் பார்வையோடுதான் இப்போதும் நின்றாள். "குடுங்க பாக்கலாம்" என்று மேசையிலிருந்த இவருடைய மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். வானத்தில் புள்ளி, கோபுரத்தில் புள்ளி, இவள் உதட்டில் புள்ளி. "எல்லாப் பீஸ்லயும் ஒரே எடத்துல வருது. அப்ப குத்தம் பீஸ்ல இல்ல, மெஷின்ல. மொதல் பீஸ்லயே நிறுத்தியிருக்கோணுமில்லப்பா?" "கண்ணு..." "அவியளுக்கு என்னையப் புடிச்சிருக்குதா, தூசியப் புடிச்சிருக்குதா?" கோபமாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் தேவலை. "தூசியத்தான் புடிச்சிருக்குதுன்னா அதையே கட்டிக்கச் சொல்லுங்க. பேப்பர்ல மடிச்சுக் குடுத்துரலாம்." அவள் பென்சிலை மேசை மேல் வைத்தாள். "நீங்க வெக்கச் சொல்லுங்க, வெச்சுக்கறேன். அம்மா அழுவுது. எனக்கும் சலிச்சுப்போச்சு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா, எனக்கு நெசமாவே மச்சம் எங்கிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதை வாயால் சொல்ல முடியாமல், கார்டைத் திரும்பச் செருகி, லென்ஸை எடுத்து மாட்டினார், திருகினார், கிளிக்கென்று உட்கார்ந்தது. "செவுத்துல நில்லு கண்ணு. ஒரே ஒரு படம். தூசி போயிருச்சான்னு பாக்கோணும்." "அதுக்குச் செவுரு போதுமே." "நீ நில்லு." நின்றாள், சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரோடு, ஈரத் தலையோடு, பொட்டு கூட வைக்காமல். துளையைக் கடைசி வரை சுருக்கினார். இருந்தால் இப்போது தெரிந்துவிடும், தப்பவே முடியாது. கண்ணை வைத்தார். நெற்றியில் வகிட்டோரம் இரண்டு வெள்ளை முடி, எப்போது வந்தது. இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது, கீழே விழுந்த தழும்பு போல, எப்போது விழுந்தாள், யார் தூக்கினார்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு, விளக்கடியில் உட்கார்ந்து உட்கார்ந்து. மேலுதடு வெறுமையாக இருந்தது. பட்டனை அழுத்தினார். திரையில் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகத் தள்ளிப் பார்த்தார், மேலே, கீழே, இந்தக் கோடி, அந்தக் கோடி. சுத்தம். ஒரு புள்ளி இல்லை. காலையிலிருந்து இதற்குத்தானே செத்தார், இப்போது சந்தோஷப்பட வேண்டியதுதானே? விரல் அந்த இரண்டு வெள்ளை முடிக்கே மறுபடி போய் நின்றது. "போயிருச்சா?" "போயிருச்சு கண்ணு." "சரி" என்று அவள் திரும்பி, துண்டைத் தலைமுடியோடு சேர்த்து முறுக்கி ஒரு பக்கமாகப் போட்டாள். வலது காதுக்குப் பின்னால், முடி ஆரம்பிக்கிற இடத்தில், கருஞ்சீரகம் ஒன்றை ஒட்டி வைத்தது போல இருந்தது. அவர் கேமராவைத் தூக்கவில்லை. வெறும் கண்ணால் பார்த்தார். "காதுக்குப் பின்னால" என்றார். அவள் அப்படியே நின்றாள், திரும்பவில்லை, கை மட்டும் போய்க் காதின் பின்னால் தொட்டுவிட்டு வந்தது.

போனை எடுத்துவிட்டார். மணி அடிக்கும்போதே வைத்துவிடலாமா என்று தோன்றியது, வைப்பதற்குள் அந்த வெண்ணெய்க் குரல். "சொல்லுங்கண்ணா, கெளம்பிட்டே இருக்கறமுங்க." "அண்ணா, ஒண்ணு சொல்லோணுமுங்க. போட்டோவுல மேலுதட்டுல இருக்கறது மச்சமில்லீங்க. என் கேமராக்குள்ள இருந்த தூசிங்க." அந்தப் பக்கம் பின்னால் யாரோ காரில் பையை வைக்கச் சொல்வது கேட்டது. "தூசிங்களா? பொறந்ததுல இருந்தேன்னு சொன்னீங்களே." "சொன்னனுங்க. பொய்ங்க. எம்பொண்ணு மூஞ்சிய நான் சரியாப் பாத்ததில்லீங்க, அந்த வெக்கத்துல சொல்லிப்போட்டன். எங்கம்மாவுக்கு இருந்துச்சுன்னதும் பொய்தானுங்க." சமையலறை வாசலில் கருணாம்பாள் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். வாணி சுவரோரம் இருந்தாள். நாச்சிமுத்து கனைத்தார். வெண்ணெய் உருகிவிட்டது, தராசு பிடிக்கிறவனின் குரலாக இருந்தது. "அப்ப அம்மிணிக்கு மச்சமே இல்லீங்களா? வேற எங்காவது இருந்தாச் சொல்லுங்கண்ணா, எடத்தைப் பொறுத்துத்தான் பலன். பாத்து எதாச்சும் பண்ணலாம்." சொல்லலாம். காதுக்குப் பின்னால் என்றால் அதற்கும் அவர் ஒரு பலன் வைத்திருப்பார், நல்லதாகவே கூட இருக்கும், கார் கிளம்பிவிடும். சென்னியப்பன் மகளைப் பார்த்தார். அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுங்க" என்றார். "எங்கன்னு சொல்ல மாட்டனுங்க. எம்பொண்ணப் பாக்கறதுக்கு வர்றதுன்னா வாங்க."

நாலு பேரைக் கலந்துகொண்டு கூப்பிடுவதாகச் சொல்லி அந்தப் பக்கம் வைத்தார்கள். கருணாம்பாள், "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள், போய் அடுப்பில் இருந்ததைக் கிண்டுகிற சத்தம் கேட்டது, பாதியில் விடமாட்டாள் அவள். சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். முதுகெல்லாம் வியர்வை வழிந்தது. மேசையில் லென்ஸ் மூடி கிடந்தது, துடைத்த குச்சிகள் கிடந்தன, மைப் பென்சில் கிடந்தது.

"ஃபேனப் போடட்டுமாப்பா?" என்றாள் வாணி.

"போடு கண்ணு" என்றார்.